ஜோட்டி: சுவர் மெழுகுவது முதல் மாவு உலர்வது வரை

ஒடிசாவின் கிராமத்து வீடுகளில் மார்கசிர மாதம் பிறந்தால் வியாழக்கிழமைதோறும் மாணபசா பூஜை. புது நெல்லை ‘மாண’ என்னும் பிரம்புப் படியில் நிரப்பி லட்சுமியாக வைத்துக் கும்பிடுவார்கள். நம் கணக்கில் நவம்பர், டிசம்பர் மாதங்கள். அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வரும் காலம். அந்த நாளுக்காகச் சுவரிலும் தரையிலும் அரிசி மாவால் போடுவதுதான் ஜோட்டி. சித்தா என்றும் சொல்வார்கள். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள ஒரு மண் திண்ணைச் சுவர், அதை ஒட்டிய வாசல் தரை, உள்ளே பூஜை இடம் வரை போகும் நடை: இவ்வளவுக்கும் ஆகும் வேலையும் அளவும் கீழே.

முதலிலேயே ஒன்று. ஜோட்டி கெட்டுப்போனால் ‘கை வரவில்லை’ என்பார்கள். பெரும்பாலும் கை காரணமல்ல, சுவர்தான் காரணம். மாவுத் தண்ணீரைச் சுவர் எவ்வளவு வேகத்தில் குடிக்கிறது என்பதுதான் கோடு நிற்குமா, உதிருமா, பரவுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே மூன்று நாள் வேலையில் இரண்டு நாள் சுவருக்கே போகிறது.

செவ்வாய்க்கிழமை: பழையதைக் கழிப்பது

போன வருட மாவு சுவரில் ஒட்டியிருந்தால் அதன்மேல் புதுப் பூச்சு போடக் கூடாது. அரிசி மாவு உலர்ந்தபின் கெட்டியாகத் தெரிந்தாலும், ஈரம் பட்டதும் ஊறி இளகும். மேலே பூசிய மண் அதோடு சேர்ந்து தகடு தகடாகப் பெயர்ந்துவிடும். தென்னந்துடைப்பத்தால் காய்ந்த நிலையிலேயே தேய்த்து உதிர்த்துவிட்டு, பிறகு ஈரத் துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தேய்த்தால் மாவு குழைந்து சுவர் முழுக்கப் பசையாக அப்பிக்கொள்ளும். அந்தப் பசை மேல் எதுவும் பிடிக்காது.

கழித்த பிறகு விரல் நுழையும் வெடிப்புகளை மண்ணும் உமியும் பிசைந்து அடைக்கலாம். உமி இல்லாமல் வெறும் களிமண்ணால் அடைத்தால் காயும்போது சுருங்கி, அடைத்த இடத்தின் இரு ஓரமும் மறுபடி விரியும். அடைத்த இடம் முழுதாகக் காய ஒரு இரவு வேண்டும். அவசரப்பட்டு அதே நாள் மெழுகினால், அடியில் நிற்கும் ஈரம் பிறகு மேலே வந்து வெள்ளைக் கோட்டில் பழுப்புக் கறையாகத் தெரியும்.

புதன்கிழமை காலை: மெழுகு

இந்தச் சுவருக்குச் சலித்த செம்மண் இரண்டு கிலோ, அன்று போட்ட பசுஞ்சாணம் அரைக் கிலோ, தண்ணீர் ஏறக்குறைய இரண்டு லிட்டர். மண்ணைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டுச் சாணத்தைக் கரைத்து, கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழியும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழந்துணியைச் சுருட்டிப் பந்தாக்கி, கைக்கெட்டும் தூரத்துக்கு வளைவு வளைவாக இழுத்து மெழுகுவார்கள். ஒரு மில்லிமீட்டர் கனம் போதும்.

சாணத்தில் உள்ள நார் மண்ணைக் கோர்த்துப் பிடித்து, நுண்வெடிப்பைத் தடுக்கிறது. பழைய சாணத்தில் நார் மக்கிப்போயிருக்கும்; அதனால் அந்தப் பயன் குறையும். மண்ணில் களி அதிகமாக இருந்தால் சாணம் மட்டும் போதாது. மெழுகி ஒரு மணி நேரத்தில் வலைபோல வெடிப்பு கண்டால், அடுத்த கலவையில் மெல்லிய ஆற்று மணல் இரண்டு கைப்பிடி சேர்த்தால் நிற்கும்.

சிமென்ட் சுவர் வீடுகள்தான் இன்று அதிகம். அங்கே செம்மண் மெழுகு நிற்காது. காவிக்கல் தூள் 200 கிராம், தண்ணீர் அரை லிட்டர், அதில் விளாம்பிசின் கரைசல் இரண்டு மேசைக்கரண்டி கலந்து இரண்டு கை பூசலாம். பூரிக்குப் பக்கத்தில் ரகுராஜ்பூரில் பட்டசித்திரம் என்னும் துணி ஓவியம் வரைபவர்கள் நிறத்தைப் பிடித்து வைக்கப் பயன்படுத்துவதும் விளாம்பிசின்தான். பிசின் இல்லாமல் வெறும் காவித் தண்ணீர் பூசிய சுவரில் ஜோட்டி போட்டால், மாவின் ஈரத்தில் காவி கரைந்து மேலே ஏறி, வெள்ளை ரோஸாகிவிடும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. பிசினை அதிகமாக்கினாலும் கெடுதல்: பரப்பு மினுமினுப்பாகி, மாவு ஒட்டாமல் சறுக்கும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்த சுவரில் எதுவும் சரிவராது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டுத்தான் காவி பூச வேண்டும்.

புதன்கிழமை மாலை: சுவருக்கு எவ்வளவு தாகம்?

மெழுகு தொட்டால் குளிர்ச்சியாக, ஆனால் விரலில் மண் ஒட்டாமல் இருக்க வேண்டும். சோதிக்க, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுவரில் வைத்து எண்ண வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் மறைந்தால் சுவர் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. அதில் கோடு இழுத்தால் விரல் நகரும் முன்பே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; மாவு மேலே பொடியாகத் தங்கி, மறுநாள் கை பட்டதும் உதிரும். கோடும் துண்டு துண்டாக விழும். இதற்கு மருந்து சுலபம்: நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் ஒரு ஒற்று ஒற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்கலாம். பத்து எண்ணும்போது சொட்டு பரவி உள்ளே போனால் சரியான பதம். முப்பது எண்ணியும் முத்தாக நின்றால், சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது, இல்லையென்றால் பிசின் கூடிவிட்டது. அதில் போட்ட கோட்டின் ஓரம் மயிர்க்கால் விட்டுப் பரவி, காய்ந்தபின் சாம்பல் நிறமாக நிற்கும்.

மாவு

ஜோட்டி மாவை ஒடியாவில் பிட்டௌ என்பார்கள். 250 கிராம் பச்சரிசி இந்த அளவுச் சுவருக்கும் தரைக்கும் தாராளம். ‘அருவா’ என்றால் பச்சரிசி, ‘உஷுனா’ என்றால் புழுங்கலரிசி, ஜோட்டிக்கு அருவாதான். காரணம் இருக்கிறது. நெல்லைப் புழுக்கும்போதே அரிசியின் மாச்சத்து பாதி வெந்துவிடுகிறது. உமியின் நிறமும் உள்ளே இறங்குகிறது. அந்த அரிசியை அரைத்தால் மாவு கொழகொழவென்று, மஞ்சள் சாயலோடு வரும். காய்ந்தாலும் அந்தப் பளிச்சென்ற வெள்ளை வராது.

நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் 150 மில்லி சிறிது சிறிதாகத் தெளித்து அம்மியில் அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைப்பதானால் நடுநடுவே நிறுத்தி ஆறவிடுவது அவசியம். ஜார் சூடானால் மாவின் ஒரு பகுதி வெந்து திரிதிரியாகத் திரண்டுவிடும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்க்கும்போது குருணை நெருடக் கூடாது. நெருடினால் பழைய பருத்தித் துணியில் வடிகட்டிவிடலாம். குருணை உள்ள மாவில் கோடு நடுவில் வழுக்கையாக விழும்: குருணை விரலோடு போகும், தண்ணீர் மட்டும் சுவரில் நிற்கும்.

பிறகு தண்ணீர் சேர்த்து மொத்தம் 550 மில்லி அளவுக்குக் கரைக்கலாம். தரைக்கு இந்தப் பதம். சுவருக்குக் கொஞ்சம் கெட்டியாக வேண்டும். ஆகவே தண்ணீர் கலக்கும்போது 450 மில்லியிலேயே பாதியைத் தனியாக எடுத்துவைத்துவிடுவது நல்லது. பதம் பார்க்க மோதிர விரலை மாவில் தோய்த்துத் தூக்கினால், விரல் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, ஒரு நொடி தயங்கி விழ வேண்டும். ஒழுகிக்கொண்டே இருந்தால் நீர்த்துவிட்டது. சொட்டே விழாமல் விரலில் அப்பி நின்றால் கெட்டி. கெட்டி மாவு முதலில் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். காயும்போது சுருங்கி, ஓரம் சுருண்டு, செதில் செதிலாக எழும்பிவிடும்.

பச்சை மாவுக்கு ஒட்டும் தன்மை குறைவு. வெந்த மாவுக்குத்தான் பசை உண்டு. அதனால் காற்றும் கைகளும் அதிகம் படும் இடமானால், வடித்த கஞ்சி இரண்டு மேசைக்கரண்டியை ஆறவைத்து இந்த அளவு மாவில் கலந்தால் பிடிப்பு கூடும். இரண்டுக்கு மேல் வேண்டாம், வெண்மை மங்கும்.

மாவு சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறை தோய்க்கும் முன்னும் ஒரு சுழற்று. இதை மறந்தால் சுவரின் ஒரு பக்கம் மங்கலாகவும் மறு பக்கம் செதிலாகவும் வரும். ஒரே கிண்ணம், ஒரே கை, ஆனால் இரண்டு நாளில் போட்டதுபோலத் தெரியும். மார்கசிரக் குளிரில் மாலை அரைத்த மாவு மறுநாள் விடியல் வரை தாங்கும். வெயில் காலத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் புளித்துவிடும். புளித்த மாவின் குமிழ் உடைந்த இடமெல்லாம் கோட்டில் ஊசித்துளை விழும்.

கருவி

விரல்தான் முதல் கருவி. நம் மாக்கோலத்தில் துணித்துண்டை மாவில் நனைத்து உள்ளங்கையில் அடக்கி, மோதிர விரல் வழியே இழை இறக்குவது போலவேதான் தரை ஜோட்டியும். மெல்லிய வேலைக்கு ஒரு முனையை மென்று நாராக்கிய குச்சி. சுவருக்கு இன்னொரு முறையும் உண்டு: மெல்லிய குச்சிகளை விசிறிபோலக் கட்டி மாவில் தோய்த்துச் சுவரில் தெளிப்பது, பூங்கொத்து கொட்டியதுபோல விழும்.

துணி புதியதாக இருந்தால் கஞ்சி போட்டிருக்கும், மாவை இழுக்காது. பலமுறை துவைத்த பருத்தி வேட்டித் துண்டு, உள்ளங்கை அளவில் போதும். மாவு நிறைந்த துணியை மூன்று விரலால் உள்ளங்கையோடு அழுத்திப் பிடிக்க, மோதிர விரல் மட்டும் நீண்டு கீழே இறங்கி நிற்கும். அழுத்தம் கூட்டினால் இழை தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கோட்டை முடிக்கும்போது அழுத்தத்தை விட்ட பிறகே விரலைத் தூக்க வேண்டும். அழுத்தியபடியே தூக்கினால் கடைசியில் ஒரு குமிழ்ச் சொட்டு விழுந்து, அந்தக் கொடியின் நுனியே கெட்டுவிடும். இந்த ஒன்று பழக மட்டும் நாளாகும்.

வியாழன் விடியல்: சுவர்

சிலர் புதன் இரவே போட்டுவிடுவார்கள். விடியலில் போட்டால் மெழுகின் ஈரம் சரியான பதத்தில் கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

நம் புள்ளிக்கோலத்தில் புள்ளி என்பது சட்டகம். கோடு அதைச் சுற்றி ஓடும். ஜோட்டிச் சுவரில் புள்ளி நெல்லாகவே நிற்கிறது. நடுச் சுவரில் முதலில் வருவது நெற்போர். நடு மூன்று விரல்களைச் சேர்த்து நுனி மட்டும் தோய்த்து, சுவரில் செங்குத்தாக அழுத்தி எடுத்தால் மூன்று முத்துகள் சேர்ந்தாற்போல் ஒரு குத்து விழும். அடிவரிசையில் ஒன்பது குத்து, அடுத்த வரிசையில் எட்டு, அதற்கு மேல் ஏழு என்று குறைத்துக்கொண்டே போய் உச்சியில் ஒன்று. கீழ் வரிசையின் இரண்டு குத்துகளுக்கு நடுவேதான் மேல் வரிசையின் குத்து உட்கார வேண்டும். அப்போதுதான் கட்டுகளை அடுக்கிய போர் மாதிரி நிற்கும். நேருக்கு நேர் வைத்தால் தூண் மாதிரி ஆகிவிடும்.

மேலிருந்து தொடங்குவதா, கீழிருந்தா? மேலிருந்து. குத்து வைத்ததும் கொஞ்சம் மாவு ஒழுகிக் கோடாக இறங்கும். அது குறையல்ல, கதிரின் தாள் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் கீழ் வரிசையை முதலில் போட்டுவிட்டால், மேலிருந்து இறங்கும் ஒழுகல் அதைத் தின்றுவிடும். ஒழுகல் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் மாவு நீர்த்திருக்கிறது. இன்னும் ஒரு கரண்டி கெட்டி மாவு சேர்க்க வேண்டும்.

போரின் இரு பக்கமும் கதிர், மேலே கொடி, ஓரத்தில் மயிலோ மீனோ யானையோ. கதிர் போட, வளைந்த ஒரு தண்டை முதலில் இழுத்து, நுனியிலிருந்து அடிக்கு இருபுறமும் சாய்வாகச் சிறு ஒற்றுகள் வைப்பார்கள். நுனி கீழே தொங்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கதிர் பால் பிடிக்காத கதிர். முற்றிய நெல்தான் தலை சாய்க்கும். லட்சுமி வரும் வீட்டுச் சுவரில் பதர் எதற்கு என்று வயதான பெண்கள் திருத்துவது இந்த இடத்தில்தான்.

ஈரமாக இருக்கும்போது எல்லாமே மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து இரண்டாம் முறை மேலே இழுப்பவர்கள் அதிகம். இழுக்கக் கூடாது. பனி விழும் விடியலில் காய ஒரு மணி நேரம் ஆகலாம், வெயிலில் இருபது நிமிடம். காயக் காய வெண்மை தானாக எழும்பி வரும்.

துர்கா பூஜைக்குச் சுவரில் வெள்ளைப் புள்ளிமேல் சிவப்புப் புள்ளி வைப்பதுண்டு. சிவனும் சக்தியும் சேர்ந்த அடையாளமாகச் சொல்வார்கள். வெள்ளை முழுக்கக் காய்ந்த பின்பு, அதைவிடச் சிறிய விரலால் சிவப்பை வைத்தால்தான் இரண்டும் தனித்துத் தெரியும். ஈரத்தில் வைத்தால் கலந்து ரோஸ் கறைதான் மிஞ்சும்.

தெற்கு ஒடிசாவின் ராயகடாப் பக்கம் லஞ்சியா சவரர் என்னும் பழங்குடியினர் செம்மண் சுவரில் அரிசி மாவால் வரையும் இடிதால் ஓவியங்களை ஜோட்டியோடு சேர்த்துப் பேசுவதைப் பார்க்கிறோம். பொருள் ஒன்றுதான், காரியம் வேறு. அது முன்னோர்களுக்கும் தெய்வங்களுக்கும் சடங்காக எழுதும் வீடு. அலங்காரத்துக்காக அதன் உருவங்களை எடுத்து ஜோட்டிச் சுவரில் போடாமல் இருப்பதே மரியாதை.

தரை: தாமரையும் பாதமும்

ஒடியக் கவிஞர் பலராம தாசரின் லட்சுமி புராணத்தில், வியாழக்கிழமை ஊர் சுற்றி வரும் லட்சுமி நுழைவது, ஊருக்கு வெளியே வாழும் ஸ்ரீயா என்ற சண்டாளப் பெண்ணின் வீட்டுக்கு. விடியுமுன் எழுந்து சாணமிட்டு மெழுகிக் கோலமிட்ட வீடு அது. மாணபசா வாரங்களில் இந்தப் புராணத்தை வீட்டுக்கு வீடு பெண்கள் வாசிக்கிறார்கள். தரையில் போடும் பாதங்கள் அந்த வருகைதான்.

வாசலில் நடுத் தாமரை. காம்பஸ் வேண்டாம், ஒரு நூலின் ஒரு முனையை விரலால் அழுத்தி, மறு முனையைச் சுற்றினால் வட்டம் கிடைக்கும். எட்டு இதழ் போட, முதலில் எதிரெதிராக நான்கு, பிறகு இடையிடையே நான்கு. ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக எட்டையும் போட்டுக்கொண்டு வந்தால் கடைசி இதழுக்கு இடம் இருக்காது.

பாதங்கள் வாசலிலிருந்து மாண வைத்திருக்கும் இடம் வரை போக வேண்டும், விரல்கள் உள்நோக்கி. போடும் வரிசை மட்டும் தலைகீழ்: பூஜை இடத்தில் தொடங்கி, உள்ளே பார்த்தபடி குத்துக்காலிட்டு, பின்னோக்கி நகர்ந்துகொண்டே வாசலுக்கு வர வேண்டும். அப்படிச் செய்தால் பாத விரல்கள் தானாக உள்நோக்கி அமையும்; போட்டதை மிதிக்கவும் நேராது. ஒரு பாதம் ஐந்து அங்குல நீளம். புறக்கோட்டை இழுத்து, உள்ளே மெல்லிய மாவால் நிரப்பி, ஐந்து விரலுக்கு ஐந்து ஒற்று. இடதும் வலதும் மாறி மாறி, ஒரு சாண் இடைவெளியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிற்கிற கால் ஆகிவிடும். நடக்கிற காலாக இருக்க வேண்டும்.

தரையில் வரும் கோளாறுகளில் பாதி மொசைக், டைல்ஸ் தரையில் வருவது. அவை தண்ணீரே குடிக்காது. மாவு காய்ந்ததும் பொடியாக எழும்பிக் காலில் ஒட்டும். அங்கே கஞ்சி கலந்த மாவைத்தான் போட வேண்டும், அதுவும் மெல்லியதாக. ஒட்டும் ஸ்டிக்கர் பாதங்களை வாங்கி வைப்பவர்களைக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் எறும்புக்கும் சிட்டுக்கும் அதில் ஒரு பருக்கைகூட இல்லை என்பது உறுத்துகிறது.

முருஜா பற்றிச் சுருக்கமாக

மார்கசிரத்துக்கு முந்தைய கார்த்திக மாதத்தில் துளசி மாடத்தின் முன் போடும் முருஜா, பொடி வேலை. வெள்ளைக்குக் கல்லை அரைத்த தூள், பச்சைக்குக் காய்ந்த இலை, கருப்புக்கு எரித்த கொட்டாங்கச்சி, மஞ்சளுக்குச் சாமந்தி இதழ் அல்லது மஞ்சள் தூள், சிவப்புக்குச் செம்மண் அல்லது செங்கல் பொடி. இலையை நிழலில் காயவைத்தால் பச்சை நிற்கும், வெயிலில் பழுப்பாகும். கொட்டாங்கச்சி முழுதாகக் கரியாகும்போது அணைக்க வேண்டும். விட்டால் சாம்பலாகி வெளுத்துவிடும். கவனிக்க வேண்டியது வெள்ளைத் தூள். அதில் சுண்ணாம்பு கலந்திருந்தால், பக்கத்தில் உள்ள மஞ்சள் தூள் ஈரம் பட்டதும் சிவந்துவிடும். புதிதாகப் போட்ட சிமென்ட் தரையிலும் இப்படி ஆகும். அந்த இடங்களில் மஞ்சளுக்குச் சாமந்தி இதழே பாதுகாப்பு.

அடுத்த வியாழனுக்குள்

மார்கசிரத்தில் நான்கோ ஐந்தோ வியாழன் வரும். தரையை ஒவ்வொரு புதனும் மெழுகிப் புதிதாகப் போட வேண்டும். சுவரை முழுதாக மெழுகத் தேவையில்லை. உதிர்ந்த குத்துகளை மட்டும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்தால் போதும். பழைய குத்து பாதி நிற்கும்போது அதன்மேல் வைத்தால் இரண்டு அடுக்கும் சேர்ந்து எழும்பும். காற்றோட்டமில்லாத மூலையில் கருப்புப் புள்ளி கண்டால் அது பூஞ்சணம். மாவு அதற்கும் சாப்பாடுதான். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, இரண்டு நாள் வெயில் படவிட்டு, காவி ஒரு கை பூசிய பிறகே மறுபடி போட வேண்டும். மிஞ்சிய மாவில் காவி விழாமல் இருந்தால் கழுநீரோடு சேர்த்து மாட்டுத் தொட்டிக்கு.